ரஷ்ய மொழியில் பத்தொன்பது வெள்ளிக்கிழமைகள்

சிட்னியின் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், அரங்கேற்ற மலர், மன்னார் ஆட்களின் நவநாள் துண்டுப்பிரசுரம், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் எங்களிடம்தான் வரும். இவற்றோடு ஒரு காலம், பத்தொன்பது கிழமைகள் மட்டும், ரஷ்ய மொழியில் ஒரு நையாண்டி வாரப் பத்திரிகையும் அடித்தோம். எட்டுப் பக்கம். அதை மூடவைத்தது வழக்குமில்லை, வாசகர் இல்லாமையுமில்லை. நான் எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பு. இதைக் கடைசியில் சொன்னால் சுவாரசியத்துக்காக ஒளித்து வைத்தேன் என்பீர்கள். அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பெயர்கள் எதையும் எழுதப்போவதில்லை. அந்தப் பத்திரிகையில் அடிவாங்கியவர்களில் பாதிப்பேர் இன்னும் பக்கத்து ஊரான மெரிலேண்ட்ஸில் பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது.

பத்திரிகை ஆசிரியர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். நெட்டையான மனிதர். தாஷ்கெண்டில் பிறந்து, முப்பது வருடம் சிட்னியின் உயரமான கட்டடங்களில் லிஃப்டுக்குள் தொங்கியவர். மனைவி பியானோ ரீச்சர். அவர் எழுதுவார், அவ படம் கீறுவா. பத்திரிகையின் முழு அலுவலகமும் இவ்வளவுதான். ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் இருவரும் ஒரு யுஎஸ்பியோடு வந்து எனக்குப் பின்னால் நின்று, பக்கங்கள் திரையில் வருவதைப் பார்த்துக்கொண்டு, ரஷ்ய மொழியில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எனக்கு ரஷ்யம் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் சோவியத் நாட்டுக்குப் போய் ஆறு வருடம் பொறியியல் படித்தவன் நான். படித்து முடிக்க அந்த நாடு இல்லாமல் போய்விட்டது. பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். அதோடு அந்த மொழியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். முப்பது வருடம் யாரோடும் பேசவில்லை. முதல் வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம். வெட்கம் ஒரு பக்கம், ஒட்டுக்கேட்கும் ருசி மறுபக்கம். ருசி வென்றது.

முதல் நாளே அந்த அம்மா என்னைப் பார்த்துக் கணவரிடம் சொன்னதை எழுதுகிறேன். அவர்கள் ரஷ்யத்தில் பேசியதை எங்கள் தமிழில்தான் என்னால் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இந்த மனுசன்ர முகத்தைப் பாருங்கோ. வரிக் கந்தோரில இருந்து வரி அறவிட வந்தவர் மாதிரி."

"சத்தம் போடாதையும்."

"அவருக்கு என்ன விளங்கவே போகுது?"

மூன்றாவது வியாழக்கிழமை என் குட்டு உடைந்தது. அந்த வாரம் அவர்களுடைய சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் பற்றி ஒரு செய்தி. தலைவரே மறுபடியும் தலைவராக வருவதை எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்று அறிவித்தார்களாம். ஒரு கைகூட உயரவில்லை. ஏனென்றால் எல்லாக் கைகளிலும் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. எனக்கு எங்கள் சங்கக் கூட்டம் ஒன்று அப்படியே கண்முன் வந்தது. நானும் அன்றைக்கு ஒரு கையில் கொத்துரொட்டித் தட்டும் மறுகையில் தேத்தண்ணியுமாக நின்றுதான் ஒரு தலைவரைத் தெரிவு செய்திருந்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன். மூக்கால் வெடித்தது.

அந்த அம்மா மெல்லத் திரும்பினா. ஆங்கிலத்தில் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று கேட்டா. நான் ரஷ்யத்தில், "தட்டைப் பார்த்து" என்றேன்.

அவ என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தா.

"அப்ப மூண்டு கிழமையா நான் சொன்னது எல்லாம்?"

"ஓம். வரிக் கந்தோரும் கேட்டது."

ஆசிரியர் கதிரையில் விழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவ மட்டும் முகம் சிவந்து நின்றா. அடுத்த கிழமை முட்டைக்கோஸ் உள்ளே வைத்துச் சுட்ட ஒரு ரஷ்யப் பணியாரம் செய்துகொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் வைத்தா. அன்றிலிருந்து நான்தான் பிழைதிருத்துநர். சம்பளம் அந்தப் பணியாரம்தான்.

உலக அரசியலுக்கு அவர்கள் போகவில்லை. "பெரிய ஆக்களைப் பகிடி பண்ண ஊருலகத்தில எத்தனையோ பேர் இருக்கினம். எங்கட பல் டொக்டரைப் பகிடி பண்ண ஆர் இருக்கினம்?" என்பார் ஆசிரியர். அதனால் பல் டொக்டர் வந்தார். மகனின் வீட்டு விலையை எல்லோருக்கும் சொல்லித் திரிந்த ஒரு தாய் வந்தா. பாட்டுக் குழுவில் வாயை மட்டும் அசைக்கும் ஒருவர் வந்தார். கிழமைக்கு ஒருவர் என்று கணக்கு.

பத்திரிகை வெளியாகும் இடம் மெரிலேண்ட்ஸில் ஒரு மளிகைக் கடை. அந்தப் பகுதி ரஷ்யர்கள் வெள்ளிக்கிழமை கறுப்புப் பாண் வாங்க அங்கே வருவார்கள். ஜன்னலோரம் ஒரு நீள மேசை, கதிரைகள், கடைக்காரர் சும்மா ஊற்றிக்கொடுக்கும் தேத்தண்ணி. கடைக்காரர் பெரிய உருவம், பெரிய குரல். பிரதிகளில் முக்கால்வாசி அவருடைய கடையில்தான் போகும். மற்றக் கடைகள் அவர் வாங்குகிறார் என்பதால் வாங்கின. வெள்ளியில் எனக்கு மதியத்தோடு வேலை முடியும். கட்டுகளைத் தூக்க உதவி என்று சொல்லிக்கொண்டு நானும் போகத் தொடங்கினேன். ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது என்று ஆயிற்று.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கிழமை யாரைப்பற்றி எழுதியிருக்கிறதோ அவருக்கு ஆசிரியர் தன் கையால் முதல் பிரதியைக் கொடுப்பார். எல்லோரும் சூழ்ந்து நிற்க, அவர் நின்றபடி வாசிக்கவேண்டும். வாசித்து முடியும்வரை ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். ஆள் சிவப்பார், மூச்சை இழுப்பார், சுற்றிவர நிற்கும் முகங்களைப் பார்ப்பார். பிறகு சிரிப்பார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிப்பார்கள். உடனே அவருக்குத் தேத்தண்ணி வரும். ஒரு கிழமை அவர்தான் அந்தக் கடையின் ராசா.

"தனிய இருந்து வாசிச்சா எந்த மனுசனுக்கும் கோபம்தான் வரும்" என்று ஆசிரியர் எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தினார். "பத்துப் பேருக்கு நடுவில வாசிச்சா சிரிப்பு வரும். அதால ஆளுக்கு ஒண்டும் முதலே தெரியக்கூடாது. இது ஒண்டுதான் எங்கட பத்திரிகைச் சட்டம்."

சட்டம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமுடியாது.

கிழமைகள் போகப் போக ஆட்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள், என்னுடையது எப்போது என்று. நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. மனம் கேட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது, பதினைந்தாவது இதழும் வந்தது. என்னைப்பற்றி ஒரு வரியில்லை. வெளியாள், புண்படக்கூடாது என்று மரியாதையாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. அந்த மரியாதை என்னைச் சுட்டது. ஆசிரியருக்கு நானே தீனி போட்டுப் பார்த்தேன். அங்கே படிக்கப் போன முதல் குளிர்காலத்தில் இடுப்பில் கட்டும் சாரத்தைத் தோய்த்துப் பல்கனியில் காயப்போட்டு, விறைத்துக் கதவுப் பலகைபோல் ஆகிவிட்ட அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுதிக்குள் நடந்த கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எழுதவில்லை.

"ஆரும் தங்களைப் பகிடி பண்ணேல்லை எண்டு கவலைப்படுவினமே?" என்றாள் என் மனைவி. "வேணுமெண்டா சொல்லுங்கோ, நான் பண்ணுறன்." அவள் அதை முப்பது வருடமாகச் செய்துவருகிறாள். அது கணக்கில் வராது.

பதினேழாவது இதழில் கடைக்காரரின் முறை வந்தது.

கடை வாசலில் ஒரு மரப்பீப்பா இருக்கும். அதற்குள் உப்புநீரில் ஊறும் வெள்ளரிக்காய். தன் கையால் ஊறப்போட்டது என்று கடைக்காரர் மார்தட்டுவார். ஆசிரியர் ஒருநாள் கடையின் பின்பக்கக் குப்பைத்தொட்டிக்குள் வெள்ளரிக்காய் டின்கள் நிறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார். மொத்தக் கடையில் வாங்கிக் காலையில் பீப்பாவுக்குள் கொட்டுகிற வேலை. அதை அவர் பீப்பாவின் வாய்மொழியாக எழுதியிருந்தார். 'நான் ஒரு பீப்பா. என் வயிற்றில் இன்றுவரை எதுவும் ஊறியதில்லை. ஆனால் என் முதலாளியைப்போல் என்னை நேசித்தவர் யாருமில்லை' என்று தொடங்கும். அந்த அம்மா கீறிய படத்தில் ஒரு வெள்ளரிக்காய் பெட்டியோடு குடிவரவு மேசை முன்னால் நிற்கிறது. அதிகாரி கேட்கிறார்: பிறந்த இடம் மெரிலேண்ட்ஸ் என்று எழுதியிருக்கிறாயே, உண்மையா?

வியாழக்கிழமை அதைத் திருத்தும்போது மேசையில் தட்டிச் சிரித்தேன். சிரித்து முடியக் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதரின் தேத்தண்ணியை நான் ஒவ்வொரு வெள்ளியும் குடிக்கிறேன். மனைவிக்கென்று ஒரு போத்தல் வெள்ளரிக்காயும் தந்துவிடுவார். நாளைக்கு அவருடைய கடையிலேயே, அவருடைய வாடிக்கையாளர்களுக்கு முன்னால், அவருடைய பீப்பாவைப் பற்றி.

இங்கே எங்கள் அச்சகத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நினைவு மலரிலோ கல்யாண அழைப்பிதழிலோ ஒரு மருமகனின் பெயர் விடுபட்டிருந்தால், ஒரு மாமனின் பெயர் வரிசையில் கீழே இறங்கியிருந்தால், அடிப்பதற்கு முன் நான் அந்த ஆளுக்கே ஒரு போன் கோல் எடுத்துவிடுவேன். "அண்ணை, இப்பிடி வருது, மனதில வைக்காதேங்கோ" என்று. கையில் கிடைத்த பிறகு தெரிவதைவிட முதலே காதில் விழுந்தால் மனிதர் ஆறிவிடுவார்கள். எத்தனை குடும்பச் சண்டையை அப்படித் தடுத்திருக்கிறேன். "அண்ணையின்ர கோல்தான் எங்கட இன்ஷூரன்ஸ்" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். இருபது வருடமாக என் கை பழகிய வேலை. கை தானாகவே போனை எடுத்தது.

கடைக்காரருக்குச் சொன்னேன்.

"நாளைக்குப் பத்திரிகையில உங்களைப் பற்றி ஒண்டு வருது."

பின்னால் கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"பீப்பாவைப் பற்றினது."

"விளங்குது. நன்றி" என்றார். குரல் மிக மரியாதையாக இருந்தது. நான் மூன்றாவது வசனத்தையும் சொன்னேன்: "பகிடிதான். மனதில வைக்காதேங்கோ." பதில் வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட ஆக்களுக்குச் செய்யிறதை எல்லாருக்கும் செய்யலாமே?" என்று கேட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டேன்.

மறுநாள் கடை வாசலில் பீப்பா இல்லை. ஜன்னலோர மேசையில் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருந்தது. கடைக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன. ஆசிரியர் முதல் கட்டோடு முன்னால், நான் இரண்டாவது கட்டோடு பின்னால்.

"என்ர கடைச் சாமான் நஞ்செண்டு எழுதியிருக்கிறீராம்" என்றார் கடைக்காரர்.

"நஞ்செண்டோ? வாசிச்சுப் பாரும்."

"வாசிக்கத் தேவையில்லை. ராத்திரி முழுக்க வாசிச்சனான்."

வாசிக்காமலே வாசித்திருக்கிறார். ஒரு முழு இரவு, தனியே, தன் தலைக்குள் தானே எழுதி. ஆசிரியர் எழுதியதைவிட நூறு மடங்கு கொடூரமாக அதை எழுதி முடித்திருந்தார்.

"உமக்கு ஆர் சொன்னது?" என்று ஆசிரியர் கேட்டார்.

கடைக்காரர் ஆசிரியருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. "ஒரு நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னார்.

ஆசிரியர் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். நானும் நடந்தேன். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். நாக்கு எழும்பவில்லை. முப்பது வருடம் வாயை மூடியிருந்தவனுக்கு அது கைவந்த கலை.

அந்தக் கடை நிறுத்தியதும் மற்றக் கடைகளும் நிறுத்தின. பதினெட்டாவது இதழை அவர்களுடைய தேவாலய வளவில் காரின் டிக்கியைத் திறந்துவைத்துக் கொடுத்தார்கள். எடுத்தவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் தனியே வாசிப்பார்கள். சுற்றி நின்று காத்திருக்க ஒரு மேசை இல்லை. பத்திரிகை அந்த மேசையில்தான் உயிரோடு இருந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. அந்த மேசையை நான்தான் கவிழ்த்தேன்.

அடுத்த வியாழன் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்க, ஆசிரியர், "மூண்டாம் பக்கம் திருத்தியாச்சோ?" என்றார். மறுபடி தொடங்கினேன். அந்த அம்மா பணியாரப் பெட்டியைத் திறந்து என் வாய்க்கு நேரே நீட்டினா. என்னைப் பேசவிடவேயில்லை. இது கடைசி இதழ் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எட்டாம் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"எட்டாம் பக்கம்?"

"வெறுமையா விடும். அதை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்."

முதலாளிக்கே அதிசயம். "என்ன அண்ணை, ஒரு பக்கத்தை வெள்ளையா விடுறாங்கள்?" என்றார். எனக்குக் காரணம் தெரிந்தது என்று நினைத்தேன். இனி ஒரு பக்கத்தைக்கூட என்னை நம்பித் தரமாட்டார்கள். என் கண்ணில் படுகிற எதுவும் யாருடைய காதுக்கோ போய்விடும். அந்த வெள்ளைப் பக்கத்தை அடிக்கும்போது அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்கு எதிரே இருக்கும் பூங்காவுக்கு வரச்சொன்னார்கள். போக மனமில்லை. மனைவிதான் தள்ளிவிட்டாள். "உங்கட வாயால கெட்டது. முகத்தையாவது காட்டிப்போட்டு வாங்கோ."

பூங்காவின் பார்பிகியூ மேசையைச் சுற்றி இருபது பேர்வரை இருந்தார்கள். பல் டொக்டர், வீட்டு விலைத் தாய், வாயசைக்கும் பாடகர், எல்லோரும். ஒரு ஓரமாக, கடை ஏப்ரனோடு, கைகளைக் கட்டிக்கொண்டு கடைக்காரரும் நின்றார். அவரைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஆசிரியர் முதல் பிரதியை எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து நீட்டினார்.

"எட்டாம் பக்கம்" என்றார்.

வெள்ளைப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஓரங்களில் கோந்து இன்னும் காயவில்லை. எல்லாப் பிரதிகளிலும் அந்த அம்மா தன் கையாலேயே ஒட்டியிருக்கிறா. படத்தில் வரிக் கந்தோர் முகத்தோடு ஒருவர், காதில் போன், கக்கத்தில் கதவுப் பலகைபோல் விறைத்த ஒரு சாரம். தலைப்பு: 'எங்கள் உளவாளி'. கீழே எழுதியிருந்தது: 'முப்பது வருடம் அவர் வாய் திறக்கவில்லை. நாங்களும் அவரை நம்பினோம். கடைசியில் ஒருநாள் திறந்தார். இரண்டே இரண்டு வசனம். ஒரு பத்திரிகை மூடப்பட்டது. இவ்வளவு சிக்கனமான உளவாளி எந்த வல்லரசுக்கும் இதுவரை வாய்த்ததில்லை.'

காது இரண்டும் கொதித்தன. மூச்சை இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். இருபது முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒருவரும் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை நான் அத்தனை வெள்ளிக்கிழமையும் ஹீட்டருக்குப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது அது எனக்காக. தனியே இதை நான் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் எட்டாம் பக்கம் வெள்ளையாக வந்தது என்று அந்த நிமிடத்தில்தான் மண்டையில் ஏறியது.

சிரித்தேன். சிரிப்பும் கண்ணீருமாக எது எது என்று பிரிக்கமுடியாமல் வந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர்தான் எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தார்; போன் கதையை அவர்களுக்குச் சொன்னதும் அவராகத்தான் இருக்கவேண்டும். ஃபிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை தேத்தண்ணியை ஊற்றி என் கையில் வைத்ததும் அவர்தான்.

"பிழை ஏதும் இருக்கோ?" என்று ஆசிரியர் கேட்டார். வியாழக்கிழமைகளில் கேட்கும் அதே குரல்.

"ஒண்டு இருக்கு. இரண்டு வசனம் இல்லை. நான் மூண்டு சொன்னனான்."

"மூண்டாவது என்ன?" என்றார் கடைக்காரர்.

"பகிடிதான், மனதில வைக்காதேங்கோ எண்டது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அதுக்கு முதல் நான் போனை வைச்சிட்டன்" என்றார் மெதுவாக.

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பிரதியின் ஓரத்தில் மூன்று என்று குறித்துக்கொண்டார்.

"சரி. திருத்தத்தை அடுத்த கிழமை போடுவம்" என்றார்.

எல்லோரும் மறுபடி சிரித்தோம். அடுத்த கிழமை இல்லை என்பது அந்த மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.